கோல் காவலராகப் போகும் பிள்ளைக்கும் அவன் வீட்டாருக்கும்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் சனி, ஞாயிறு மாலை நான்கரைக்கு நான் காற்பந்துக் கோல் காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மழை வந்தால் ஐந்தரை. மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு அப்பா மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டு, பின்னால் உட்கார்ந்து வந்த பையனைக் காட்டி, “அண்ணே, இவன் கீப்பராத்தான் ஆவேன்னு நிக்கிறான். எங்க சேக்கிறது, எப்படிப் போறது, ஒண்ணும் தெரியல” என்பார். தோட்டத்தில் வேலை செய்கிறவராக இருப்பார், இல்லையென்றால் ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவராக இருப்பார். திடலோரமாக நின்று அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எடுத்தவுடன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மற்ற இடங்களில் ஆடுகிறவனுக்கும் கோல் காவலனுக்கும் தொழில் ஒன்றல்ல. ஓர் அணியில் மூன்று, நான்கு கீப்பர்கள் இருப்பார்கள். நிற்கப்போவது ஒருவர். முன்னால் ஆடுகிறவனைக் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கிப் பார்ப்பார்கள்; கீப்பரை யாரும் அப்படி மாற்றிப் பார்ப்பதில்லை. முதல் கீப்பருக்கு அடிபட்டால், சிவப்பு அட்டை விழுந்தால், ஃபார்ம் போனால்தான் அடுத்தவனுக்கு இடம். ஆகவே காத்திருப்பது இந்தத் தொழிலில் பாதி. எங்கே காத்திருப்பது என்று தேர்ந்தெடுப்பது மீதிப் பாதி. நான் ஒரு மாநில அணியில் இரண்டாவது கீப்பராக இரண்டு பருவம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெரிய ஜெர்சி, பெரிய திடல், ஆனால் ஆட்டம் இல்லை. அந்த இரண்டு வருடத்தைச் சின்ன அணி ஒன்றில் வாரா வாரம் நின்று கழித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

நம்மவர்களுக்கு இந்த இடம் புதிதல்ல. 1953-இல் போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம் சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் நின்றவர். நீண்ட கைகளுக்காக அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்றே கூப்பிட்டார்கள். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று, அவர் இருந்த நம் அணி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அந்த ஒலிம்பிக்கை நம் நாடு புறக்கணித்ததால் அணி போகவில்லை. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது அவருக்கு 35 வயது. எங்கள் திடலுக்கு வரும் தாத்தாக்கள் இன்னும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பேரைச் சொல்லிக் கொடுங்கள்.

பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வரை: கையும் காதும்

இந்த வயதில் பிள்ளையை முழுநேரக் கீப்பராக்காதீர்கள். பாதி ஆட்டம் முன்னால் ஆடட்டும். 1992-இல் பேக் பாஸ் விதி வந்ததிலிருந்து, தன் அணிக்காரன் காலால் தட்டிவிடும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்க முடியாது. காலில் பந்து நிற்காத கீப்பரை இன்றைக்கு எந்தக் கோச்சும் எடுப்பதில்லை. இரண்டு காலாலும் இருபது மீட்டர் தூரத்துக்குப் பந்தை நேராக அனுப்பத் தெரிய வேண்டும். அது பத்து வயதில் வந்தால் வரும், பதினேழில் வருவது கஷ்டம்.

பிடிப்பதை இப்படித் தொடங்குங்கள். நெஞ்சு உயரத்துக்கு வரும் பந்துக்கு இரண்டு உள்ளங்கையும் பந்தைப் பார்த்து விரிந்திருக்கும். கட்டை விரல்கள் இரண்டும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ளும், மற்ற விரல்கள் மேல்நோக்கி இருக்கும். முழங்கை விறைப்பாக நீட்டியிருக்கக் கூடாது. பந்து வந்ததும் கை கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்குச் சுண்டு விரல்கள் சேர்ந்து, விரல்கள் தரையைப் பார்த்து, பந்தை அள்ளி நெஞ்சோடு அணைக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்வேன். ஒருவன் பிடிப்பான், மற்றவர்கள் திரும்பி நின்று சத்தத்தை மட்டும் கேட்பார்கள். உள்ளங்கையில் மோதினால் ‘பட்’டென்று அறைகிற மாதிரிச் சத்தம் வரும், அந்தப் பந்து கையை விட்டுத் தெறிக்கும். விரல்கள் முதலில் வாங்கினால் சத்தம் ‘தப்’ என்று மெத்தையில் விழுந்தது போல அடங்கிவிடும். இரண்டு வாரத்தில் பத்து வயதுப் பையன்கூடச் சத்தத்தை வைத்தே “இது நழுவும்” என்று சொல்லிவிடுவான். அப்புறம் அவன் கையும் தானாகத் திருந்தும்.

வீட்டில் செய்ய ஒன்று: டென்னிஸ் பந்தைச் சுவரில் எறிந்து ஒரு கையால் பிடிப்பது. வலது கை ஐம்பது, இடது கை ஐம்பது. லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டு) பக்கச் சுவர் போதும், செலவே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழக் கற்றுக்கொள்வது

இங்கேதான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். யூடியூபில் பார்த்துவிட்டுக் காய்ந்த செம்மண் திடலில் பறந்து விழுந்து, முழங்கையை ஊன்றி, தோளைக் கெடுத்துக்கொண்டு வருவார்கள். வரிசை இதுதான்: முதலில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் சாய்வது, அடுத்து முட்டி போட்டுச் சாய்வது, அடுத்து குந்தி இருந்து, கடைசியில் நின்ற நிலையிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். உடல் தரையைத் தொடும் ஒழுங்கு கால் பக்கம், இடுப்பு, விலா, தோள் என்று வர வேண்டும். முழங்கையும் வயிறும் முதலில் தரையைத் தொடவே கூடாது. பந்துதான் முதல் தலையணை. பிடித்த பந்தைத் தரையில் அழுத்தி அதன் மேல் கை வரும். கால் எடுத்து வைக்கும்போது பக்கவாட்டில் வைக்காமல் கொஞ்சம் முன்னோக்கி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் சாய்ந்து விழுகிறவன் கைபட்ட பந்து கோலுக்குள்தான் போகும்.

பயிற்சிக்கு முன் பெரியவர் யாராவது கோல் பகுதியைக் கூட்டிப் பாருங்கள். கல், கண்ணாடித் துண்டு, மாட்டுச் சாணம் எல்லாம் எங்கள் திடலில் எடுத்திருக்கிறேன். தூக்கிவைக்கிற வகைக் கோல் கம்பமாக இருந்தால் பின்பக்கம் மணல் மூட்டையோ முளையோ போட்டுக் கட்டியிருக்க வேண்டும். மேல் கம்பத்தில் தொங்கக் கூடாது. கம்பம் சாய்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இன்னொன்று இடி. நம் நாட்டில் மாலை மழையும் இடியும் ஒன்றாகத்தான் வரும். இடிச் சத்தம் கேட்டதும் திடலை விட்டு வெளியே வந்து கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கையுறை

இரண்டு ஜோடி வேண்டும். பயிற்சிக்கு விலை குறைந்த, தடித்த உள்ளங்கை உள்ளது. ஆட்டத்துக்கு மிருதுவான நுரை உள்ளது. உள்ளங்கையில் இருக்கும் அந்த நுரை லேடெக்ஸ். நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் வெட்டின பால்மரத்துப் பால் அந்த வழியாகப் பேரன் கைக்கு வருகிறது என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். போடுவதற்கு முன் உள்ளங்கையைத் தண்ணீரில் லேசாக நனைத்தால் பிடி நன்றாக இருக்கும். ஆட்டம் முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு அதிகம் போடாமல் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் காயப் போடுங்கள். கொடியில் வெயிலில் போட்டால் நுரை வெடித்துப் போகும். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி வைக்காதீர்கள், பிரிக்கும்போது கிழியும்.

பதின்மூன்றிலிருந்து பதினேழு: எந்தக் கதவு

தமிழ்ப்பள்ளியில் மாவட்டப் பள்ளிப் போட்டிதான் முதல் படி. அதில் நன்றாக நின்றவனை மாநிலத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். ஆறாம் ஆண்டில் இருக்கும்போதே படிவம் ஒன்றுக்கான விளையாட்டுப் பள்ளி விண்ணப்பத்தைப் பாருங்கள்: புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, ஜொகூரில் பண்டார் பெனாவார் விளையாட்டுப் பள்ளி. தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் பகாங், கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு மாவட்ட அளவிலும் பயிற்சி மையங்கள் உண்டு. உங்கள் பள்ளிப் புறப்பாட ஆசிரியரிடமும் மாவட்ட இளைஞர் விளையாட்டு அலுவலகத்திலும் போய்க் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் போஸ்டரை மட்டும் நம்பாதீர்கள்.

அதற்கப்புறம் சங்கங்களின் (கிளப்புகளின்) இளையோர் அணிகள். 18 வயதுக்குக் கீழே பியாலா பெலியா, 20 வயதுக்குக் கீழே பியாலா பிரசிடென், 23 வயதுக்குக் கீழே 2023-இல் தொடங்கிய எம்எஃப்எல் கிண்ணம். மேலே சூப்பர் லீக். நடுவில் இருந்த பிரீமியர் லீக் 2022-க்குப் பிறகு இல்லை. இப்போது அந்த இடத்தில் ஏ1 செமி-புரோ லீக் இருக்கிறது. சங்கங்கள் வரும், போகும். நம் சமூகத்தின் ஆதரவோடு வளர்ந்த பிஜே சிட்டி 2022 பருவத்தோடு விலகியது. 2025-26 பருவத்தில் எங்கள் பேராக் சூப்பர் லீக்கிலேயே இல்லை. ஆகவே ஒரே சங்கத்தின் மேல் எல்லா நம்பிக்கையையும் வைக்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே பயிற்சிதான், இதே வரிசைதான். மாவட்டத்தில் பெண்கள் அணி எது என்று முதலில் விசாரித்து வையுங்கள்.

உயரத்தைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. உயரம் உதவும், பொய் சொல்ல மாட்டேன். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அது யாருக்காகவும் சுருங்காது. ஆனால் 2010-இல் கே. ராஜகோபால் பயிற்சியில் நாம் ஆசியான் கிண்ணத்தை வென்றபோது நின்றவர் கைருல் ஃபாஹ்மி. ஆறடிக்கும் குறைவு, வயது 21. இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று ஜெயித்துவிட்டு இரண்டாவது ஆட்டத்துக்கு ஜகார்த்தா போனோம். அங்கே நிறைந்து வழிந்த அரங்கில் இந்தோனேசிய அணித் தலைவரின் பெனால்டியை அவர் தடுத்தார். பன்னிரண்டு வயதில் குள்ளமாக இருக்கிறான் என்று பையனை வேறு இடத்துக்கு மாற்றாதீர்கள். பதினாறு வரை பொறுங்கள்.

வளரும் வயதில் முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் குதிப்பதைக் குறைத்து ஓய்வு கொடுங்கள். வளர்ச்சியோடு வரும் வலி அது, பெரும்பாலும் தானாகப் போய்விடும். விரல் விஷயம் வேறு. பந்து பட்டு விரல் நுனி தொங்கிப்போய் நிமிர்த்த முடியவில்லை என்றால் அன்றைக்கே கிளினிக் போங்கள். தைலம் போட்டு உருவி இழுத்துவிடுகிற வேலை வேண்டாம். அதற்குப் பட்டை கட்டி ஆறு வாரத்துக்கு மேல் நேராக வைத்திருக்க வேண்டியிருக்கும், நடுவில் ஒரு தடவை மடக்கினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான். தலையில் அடிபட்டுக் கண் மங்கினாலோ பேச்சு குழறினாலோ அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மறுவார்த்தை இல்லை.

செலெக்‌ஷன் நாள்

ஒரு செலெக்‌ஷனில் பதினைந்து கீப்பர்கள் வருவார்கள். ஒருவனுக்குப் பத்து, பதினைந்து பந்துதான் வரும். சில சமயம் அரை மணி ஆட்டத்தில் ஒரு ஷாட்டும் வராது. அப்போது கோச் எதைப் பார்க்கிறார்? வாயைப் பார்க்கிறார். பந்து இல்லாத நேரத்தில் நீ எங்கே நிற்கிறாய், யாரைக் கூப்பிடுகிறாய் என்று பார்க்கிறார்.

நம் பிள்ளைகள் இங்கேதான் அடங்கிப்போகிறார்கள். தோட்டத் திடலில் தமிழில் கத்திப் பழகினவன், மலாயும் ஆங்கிலமும் பேசும் அங்கே போனதும் ஊமையாகிவிடுவான். ஆறு சொற்கள் போதும், வீட்டிலேயே உரக்கச் சொல்லிப் பழகட்டும். பந்தை எடுக்க வரும்போது “கீப்பர்!” நீயே அடித்துத் தள்ளு என்பதற்கு “அவே!” தடுப்பு வரிசை மேலே ஏற “நாயேக்!” வெளியே போய் மறி என்பதற்கு “கெலுவார்!” முதுகுக்குப் பின்னால் ஆள் வந்தால் “பெலாக்காங்!” நேரம் இருக்கிறது என்றால் “டைம்!” சொல்லை முன்கூட்டியே, ஒரே தடவை, தெளிவாகச் சொல்ல வேண்டும். ஷாட் அடித்த பிறகு கத்துவது தகராறு.

முந்தின இரவே பையில் எடுத்து வைக்க வேண்டியது: மைகார்டும் (அடையாள அட்டையும்) அதன் நகலும், பிறப்புப் பத்திர நகல், இரண்டு ஜோடி கையுறை, பூட்ஸ், துண்டு, தண்ணீர், அம்மா கட்டின சோறு. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். கோல் விட்டால் வலையிலிருந்து பந்தைத் தானே எடுத்து எறிந்துவிட்டு இடத்துக்கு வந்துவிடட்டும். தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறவனை எழுதி வைத்துக்கொள்வார்கள். அப்பாமார்களே, கம்பத்துக்குப் பின்னால் நின்று சத்தம் போடாதீர்கள். கடைத் தெருவில் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

விதியும் தெரிந்திருக்க வேண்டும், கேட்பார்கள். பெனால்டி அடிக்கும் நேரத்தில் கீப்பரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையைத் தூக்கி எண்ணுவார். பழைய ஆறு விநாடிக் கதையை யாராவது சொன்னால் திருத்துங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

இந்தப் பகுதியைப் பெற்றோர் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

18 வயது ஆகாத ஆட்டக்காரருடன் சங்கம் மூன்று வருடத்துக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் போட முடியாது. உலகக் காற்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி அது. முகவர் என்று சொல்லி வருகிறவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பெயரைப் போட்டு இணையத்தில் தேடிப் பாருங்கள், பட்டியல் பொதுவில் இருக்கிறது. வயது வராத பிள்ளையிடம் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் முகவர் பேசவே கூடாது. அப்புறம் “உங்க பையனை ஐரோப்பாவுக்கு அனுப்புறேன், முதல்ல பத்தாயிரம் வெள்ளி கட்டுங்க” என்று வருகிறவர். 18 வயதுக்குக் கீழே வெளிநாட்டுச் சங்கத்துக்கு மாறுவதை ஃபிஃபா மிகச் சில விதிவிலக்கு தவிரத் தடுத்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு குடும்பம் இப்படி நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, பையன் பக்கத்து நாட்டில் இரண்டு வாரம் ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தான். செலெக்‌ஷனுக்குப் பெரும் பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: எத்தனை மாதம், சம்பளம் மாதத்தின் எந்தத் தேதியில், ஈபிஎஃப்பும் (சேமநிதி) சொக்சோவும் (தொழிலாளர் காப்புறுதி) கட்டுவார்களா, தங்குமிடம் யார் செலவு, அடிபட்டால் அறுவைச் சிகிச்சை யார் பொறுப்பு, அடிபட்ட காலத்தில் சம்பளம் உண்டா, நடுவில் நிறுத்தினால் என்ன இழப்பீடு. வாய்ப்பேச்சு எதுவும் சேராது. எனக்கு ஒரு சங்கம் வீட்டு வாடகை தருவதாகச் சொன்னது, தாளில் எழுதவில்லை. கடைசி மூன்று மாதச் சம்பளமும் வரவில்லை. நான் அதை எழுத்தில் கேட்கவே இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். நீங்கள் இருக்காதீர்கள். இரண்டு மாதச் சம்பளம் நின்றால், எழுத்தில் அறிவித்துப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்த பிறகு ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறிக்க ஃபிஃபா விதி இடம் கொடுக்கிறது. அவசரப்பட்டுப் பயிற்சிக்குப் போகாமல் மட்டும் நின்றுவிடாதீர்கள், தவறு உங்கள் மேல் வந்துவிடும். முதலில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான அமைப்பான பிஎஃப்ஏஎம்மிடம் பேசுங்கள். சேரும்போதே உறுப்பினராகிவிடுவது நல்லது.

பெஞ்சா, கோலா

பதினெட்டு, பத்தொன்பது வயதில் இந்தக் கேள்வி வரும். பெரிய சங்கம் மூன்றாவது கீப்பராக எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. சின்ன அணி முதல் கீப்பர் இடம் தருகிறது. பெரிய இடத்தில் நல்ல கீப்பர் கோச் இருந்தால் ஒரு வருடம் போகலாம். அங்கே தினமும் வரும் ஷாட்டின் வேகமே ஒரு படிப்பு. ஆனால் இரண்டாவது வருடம் எங்காவது லோனில், அதாவது வேறு அணிக்கு இரவலாக, போய் நிற்க வேண்டும். அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்டினஸைப் பாருங்கள். பதினேழு வயதில் ஆர்சனலுக்கு வந்தவர், பத்து வருடம் ஆறு அணிகளுக்கு லோனில் போய் நின்றார். 2020-இல் முதல் கீப்பருக்கு அடிபட்டபோது இவர் உள்ளே வந்தார், வயது 27. 2022-இல் உலகக் கிண்ணம் கையில். அந்த ஆறு அணிகள் இல்லாமல் அந்த ஒரு நாளுக்கு அவர் தயாராக இருந்திருக்க மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம். கீப்பருக்கு வயது எதிரி இல்லை. இத்தாலியின் டினோ ஜோஃப் 1982-இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவருக்கு 40.

என்னிடம் பயின்ற ஒருவன் இந்த வருடம் அப்படித்தான் தேர்ந்தெடுத்தான். பெரிய சங்கத்தின் இளையோர் அணியில் பெஞ்ச் வேண்டாம் என்று மாவட்ட அணிக்குப் போனான். அப்பாவுக்குக் கோபம். ஆறு மாதத்தில் பதினெட்டு ஆட்டம் நின்றிருக்கிறான். கிராஸுக்கு (ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கிப் போடும் பந்துக்கு) வெளியே வரும்போது முன்பெல்லாம் அரை அடி தயங்குவான்; இப்போது அந்தத் தயக்கம் இல்லை. நான் எத்தனை பந்து தூக்கிப் போட்டும் போகாத தயக்கம் அது.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் எழுதாமல் எந்தச் சங்கத்துக்கும் அனுப்பாதீர்கள். அணியில் இடம் கிடைக்காவிட்டாலும் பல்கலைக்கழக அணியில் நிற்கலாம், பின்னால் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) கோல் காவலர் பயிற்றுநர் உரிமத்துக்குப் படிக்கலாம். நல்ல கீப்பர் கோச் இல்லாத ஊர்கள்தான் நம் நாட்டில் அதிகம்.

சங்கத்தை விட்டு வரும் நாள் ஒருநாள் வரும். அன்றைக்கு எல்லோரிடமும் கை கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறிவிடாதீர்கள். விடுவிப்புக் கடிதம், சம்பளப் பாக்கி விவரம், அடிபட்டதற்கான மருத்துவ அறிக்கை, 12 வயதிலிருந்து எங்கெங்கே பதிவாகியிருந்தான் என்ற விவரம், நான்கையும் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் போட்டு வீட்டு அலமாரியில் வையுங்கள். அடுத்த சங்கம் கேட்கும்போது அலுவலகத்தில் ஆள் மாறியிருப்பார்கள்.